படகுத் தேக்கில் நீ தட்டிப் பார்த்த இடம்

அன்புள்ள சந்துரு,

நேற்றுக் காலை நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். "ஞாயித்துக்கிழமை வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன், ரெடியா இருக்கச் சொல்லுங்க. வரலேன்னா பரவால்ல, நா ஒருத்தனே போட்டை கோவாக்குக் கொண்டு போயிடறேன்." அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒரு கும்பிடு பொம்மை வேறு. நானும் போனிலேயே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு வரி தட்டியதும் எனக்கே தெரிந்துவிட்டது, இது போனில் எழுதுகிற விஷயமில்லை. நீ பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் காகிதம். வெள்ளிக்கிழமை கொச்சியில் உன் கையில் சேர்த்துவிடுவதாகக் கூரியர்காரன் சொல்லியிருக்கிறான். தயவுசெய்து நீங்கள் குடியிருக்கிற படகின் மேல்தளத்தில் உட்கார்ந்து படிக்காதே. காற்றில் பறந்துவிட்டது என்று சொல்ல உனக்கு வசதியாகிவிடும். உள்ளே போய் உட்கார்ந்து கடைசி வரை படி.

சௌம்யாவும் மீராவும் விடுமுறைக்கு என்று இங்கே மைசூர் விஜயநகருக்கு வந்து இறங்கிய மறுநாள் மத்தியானம் நடந்ததை முதலில் சொல்கிறேன். சாப்பிட்டு முடித்து, மீராவைத் தூங்கச் சொல்லி முன்னறைக் கட்டிலில் பாய் விரித்துக் கொடுத்தேன். படுக்கப் போனவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். உன் அம்மா காய்கறி கழுவுகிற பிளாஸ்டிக் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்து, தலையணைக்குப் பக்கத்தில் சரியாக ஒரு இடம் பார்த்து வைத்தாள். விளையாட்டுக்கு என்றுதான் நான் நினைத்தேன். "எதுக்கும்மா பேசின்?" என்றேன். "தண்ணி விழும்ல தாத்தா, அதுக்கு" என்றாள். அப்புறம் அண்ணாந்து கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இங்க விழாதா?" என்று கேட்டாள். விழாது என்றேன். நம்பாமல் பேசினை அப்படியே வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். சௌம்யா வாசற்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உன் பெண்டாட்டி புகார் சொல்லி நான் எழுதுகிறேன் என்று மட்டும் நினைக்காதே. அந்தப் பெண் வாயைத் திறக்கவே ஒரு வாரம் ஆயிற்று. ராமாபுரத்தில் அவள் வளர்ந்த விதம் அப்படி. புருஷனைப் பற்றி மாமனாரிடம் பேசுவதற்கு முன்னால் வீட்டு வேலை அத்தனையையும் ஒருமுறை முடித்துவிடுவாள். துணி மடித்தபடியே சொன்னாள்: "மழை பேஞ்சா ரெண்டு மூணு எடத்துல சொட்டுதுங்க மாமா. பாப்பா படுக்கற எடத்துலதான் கொஞ்சம் சாஸ்தி. அவருகிட்ட சொன்னா, சரி பண்ணிக்கலாம் சரி பண்ணிக்கலாம்ங்கறாரு. சொட்டறதுக்குக் கூட நான் ஒண்ணும் சொல்லலைங்க. அவரு மூஞ்சியப் பாத்தாத்தான் பயமா இருக்குதுங்க." மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானும் மேலே கேட்கவில்லை. உன் முகத்தை நானே ஜனவரியில் பார்த்துவிட்டுத்தானே வந்தேன். அதை எழுதாமல் இந்தக் கடிதம் முடியாது. ஆனால் அதற்கு முன்னால் வேறு சிலதைச் சொல்ல வேண்டும்.

நீ பெங்களூர் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு யாரோ ஒரு வெள்ளைக்காரனிடமிருந்து பழைய பாய்மரப் படகு வாங்கியதும், அதிலேயே குடியிருக்கப் போவதாகச் சொன்னதும், நான் எப்படி நடந்துகொண்டேன் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். திரும்ப அதைக் கிளற வேண்டாம். கடைசியில் உன் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "நீங்க வந்தா வாங்க, வராட்டி போங்க" என்று சொன்ன பிறகுதான் நான் கொச்சிக்கே வந்தேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தேன். அந்த முதல் நாள் காலையில் நீ என்னைச் செருப்பைக் கழற்றச் சொல்லித் தளத்தில் நடக்கவிட்டாய். வெறுங்காலுக்குத் தேக்கு அவ்வளவு இதமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்குப் புதிதாக ஒரு சுகம் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. "என்னடா இது, பழைய பஸ் ஸ்டாண்டு பெஞ்சு மாதிரி வெளுத்துக் கிடக்கு? கொஞ்சம் பாலிஷ் போடக் கூடாதா?" என்றேன். நீ சிரித்துவிட்டு, ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கி, கடல் தண்ணீரையே மொண்டு ஊற்றினாய். என் கையில் ஒரு ஸ்பாஞ்சைக் கொடுத்தாய்.

அன்றைக்கு நீ சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்குக் குறுக்கேதான் துடைக்க வேண்டும். நீளவாக்கில் பிரஷ் போட்டுத் தேய்த்தால், ரேகைக்கு நடுவே இருக்கும் மெத்தென்ற பகுதி பிய்ந்து வந்துவிடும், கெட்டியான பகுதி மட்டும் வரப்பு மாதிரி நிற்கும், அந்தப் பள்ளத்தில் அழுக்கு சேரும், அந்த அழுக்கை எடுக்க இன்னும் தேய்ப்போம், அதோடு மரம் காலி. உப்புத் தண்ணீர் நல்லது, பாசியை அண்டவிடாது. எண்ணெய் தடவக் கூடாது, நாலு நாள் பளபளத்துவிட்டுக் கறுத்துப்போகும். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஓடும் கறுப்பு ரப்பர் கோட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், உயிரே அதில்தான் இருக்கிறது. அந்த வெளுத்த நிறம் அழுக்கில்லை, வெயிலில் தேக்கு தானாகப் போர்த்திக்கொள்வது, அதை உரிக்கக் கூடாது. இத்தனையும் நீ சொன்னது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வே சிக்னல் வேலை பார்த்தவன், இரும்பும் கம்பியும்தான் தெரியும். மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் நீ கற்றுக்கொடுத்ததுதான். குந்தியபடி நாம் இரண்டு பேரும் அந்தத் தளம் முழுக்கத் துடைத்தோம். எனக்கு முட்டி வலித்தது, ஆனால் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து என் பிள்ளையோடு சேர்ந்து ஒரு வேலை செய்தேன் என்று சந்தோஷமாக இருந்தேன்.

அப்புறம் அந்தப் பூசணிக்காய். நீ நூறு தடவை சொல்லிக்காட்டிவிட்டாய், நூற்றியொன்றாக நானே சொல்கிறேன். முந்தின வருஷத்து ஆயுத பூஜைக்கு நாங்கள் வந்திருந்தோம். மைசூரில் ஆயுத பூஜை என்றால் உனக்குத் தெரியாததா? ஸ்கூட்டர், கார், ஆட்டோ, மாவு மில், தையல் மெஷின் ஒன்று விடாமல் கழுவிப் பொட்டு வைத்துத் திருஷ்டி கழிக்காவிட்டால் நமக்கு அந்த வருஷமே ஓடாது. உன் படகும் ஒரு வண்டிதானே என்று உன் அம்மா தேவராஜ மார்க்கெட்டில் நல்ல பூசணிக்காயாகப் பார்த்து வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே கொச்சி வரை வந்தாள். காயைக் குடைந்து குங்குமமும் சுண்ணாம்பும் கரைத்து உள்ளே ஊற்றி, கற்பூரம் ஏற்றிச் சுற்றி, என் கையில் கொடுத்தாள். வண்டிக்கு முன்னால் ரோட்டில் உடைக்க வேண்டும். படகுக்கு முன்னால் ரோடு ஏது? தண்ணீரில் போட்டால் உடையாது, உடையாவிட்டால் திருஷ்டி போகாது. நான் ஒரு நிமிஷம் யோசித்தேன், அப்புறம் முன்பக்கத் தளத்திலேயே ஓங்கிப் போட்டேன். நீ உள்ளேயிருந்து ஓடி வருவதற்குள் அந்த வெளுத்த தேக்கு முழுக்கச் சிவப்பு. நான் பக்கெட்டைத் தேடினேன், அதற்குள் மரம் குடித்துவிட்டது. நீ என்னைத் திட்டவில்லை. "பரவால்லப்பா, பேடப்பா, நீங்க துடைக்க பேடா, நா பாத்துக்கறேன்" என்று கன்னடமும் தமிழுமாய்த் தடுத்து என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாய்.

அதை விட்டிருந்தால் கொஞ்ச நாளில் வெயிலே வெளுக்க வைத்திருக்கும். நீயேதான் போனில் என்னிடம் அப்படிச் சொன்னாய். ஆனால் அடுத்த வாரம் ஏதோ கல்யாண ஜோடி போட்டோ எடுக்க வருகிறார்கள் என்று ஆசிட் வாங்கி ஊற்றினாய். அதிலும் போகாமல் உப்புத்தாள் மெஷின் வைத்துத் தேய்த்தாய். கறை போயிற்று. அதோடு அடியிலிருந்து தங்கம் மாதிரி ஒரு நிறம் வந்தது. வந்தவர்கள் எல்லாம் அந்தத் தங்க நிறத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பூசணிக்காய் உடைத்தது நான். அதற்கு நீ என்னை எத்தனை வேண்டுமானாலும் கேலி செய். ஆனால் முன்பக்கத்தில் மட்டும் தங்கம், பின்பக்கம் வெளுப்பு என்று இருக்கக் கூடாதென்று தளம் முழுக்கத் தேய்த்தது நீ. மறுபடி வெளுக்க ஆரம்பித்ததும் மறுபடி ஆசிட், கார் கழுவுகிற பிரஷர் மெஷின், மறுபடி உப்புத்தாள் என்று, காசு கொடுத்துப் படகேற விருந்தினர் வரும்போதெல்லாம் தேய்த்தது நீ. எனக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் ஒவ்வொன்றாக நீயே மீறினாய். உனக்கு முன்னால் அந்தப் படகை வைத்திருந்தவர்களும் தேய்த்தவர்கள்தான் என்றாய். அப்படியானால் மிச்சம் எவ்வளவு மரம் இருக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இதில்தான் எனக்குக் கோபம்.

ஜனவரியில் நான் தனியாக வந்தபோது காலை நடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். சௌம்யா மீராவை அழைத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். நீ பாய்மரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தளத்தைத் தட்டிக்கொண்டிருந்தாய். தள்ளித் தட்டினால் டொக் டொக் என்று கேட்டது. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பி வடம் தளத்தில் இறங்குகிற இடத்துக்கு வந்ததும் சத்தம் செத்துப்போயிற்று. ஈரச் சாக்கைத் தட்டினால் வருமே, அந்த மாதிரி. ரயில் நின்றதும் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போகிறவர்களோடு வாழ்ந்தவன் நான். இரும்போ மரமோ, சத்தம் செத்தால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தைச் சுற்றித் தேக்கு தேய்ந்து, ஸ்க்ரூவை மூடியிருந்த சின்ன மரவில்லைகள் விழுந்து, ஸ்க்ரூ தலைகள் வெளியே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. அது வழியாகத் தண்ணீர் இறங்கி, தேக்குக்கு அடியில் இருக்கிற பலகை ஊறிப்போயிருக்கிறது. நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அந்த முகத்தைத்தான் சௌம்யாவும் பார்த்திருக்கிறாள். "சும்மா பாக்கறேன்ப்பா" என்றாய். பக்கத்தில் கிடந்த கயிற்றுச் சுருளை எடுத்து அந்த இடத்தின் மேல் வைத்தாய். நானும் "காபி போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி.

போன வாரம் போனில் நீ சொன்னாய், "தளத்துல தண்ணி எறங்கினா போட் மூழ்காதுப்பா, டென்ஷன் ஆகாதீங்க" என்று. சரி, மூழ்காது. ஆனால் அந்தக் கம்பி வடம் எதில் பிடித்திருக்கிறது? ஊறிப்போன அந்தப் பலகையில்தான். நடுக்கடலில் காற்று பலமாகப் பிடித்து, வடம் பலகையைப் பெயர்த்துக்கொண்டு வந்தால், அவ்வளவு உயரப் பாய்மரம் யார் தலையில் விழும்? இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. இதுவும் நீ முதல் தடவை சொல்லிக்கொடுத்ததுதான். பாய்மரம் தானாக நிற்கவில்லை அப்பா, இந்தக் கம்பிகள்தான் நிறுத்தி வைத்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாய். தெரியாமல் போகிறவனைத் தடுத்துவிடலாம். நீ தெரிந்தே, அங்கே விருந்தினர் அதிகம் என்று, மழைக்கு முன்னால் கோவா போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்கிறாய், மீராவையும் ஏற்றிக்கொண்டு.

நீ கெட்டவன் இல்லை சந்துரு. குழந்தை மேல் உனக்குப் பாசம் இல்லை என்று நான் ஒரு நாளும் நினைக்க மாட்டேன். நீ ஏன் இப்படிச் செய்கிறாய் என்று ராத்திரி பகலாக யோசித்தேன். எனக்குப் பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. போர்டில் எழுதுவது கண்ணுக்குத் தெரியாமல், அரை வருஷம் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டிருந்தாய். கண்ணாடி போட வேண்டும் என்று எங்களிடம் சொல்லவே இல்லை. டீச்சர் கூப்பிட்டு அனுப்பித்தான் எங்களுக்கே தெரிந்தது. ஏண்டா சொல்லவில்லை என்று உன் அம்மா கேட்டதற்கு, "அப்பா டிவி பாக்காதே டிவி பாக்காதேன்னு சொல்லிட்டே இருந்தாரே" என்றாய். அதே பிள்ளைதான் இப்போதும் என்று தோன்றுகிறது. தளம் ஊறிவிட்டது, படகை வெளியே ஏற்றிப் பிரிக்க வேண்டும், இந்த வருஷம் விருந்தினர் யாரும் கிடையாது என்று சொன்னால், நான் 'அன்னிக்கே சொன்னேன் பாத்தியா' என்பேன். அதைக் கேட்பதைவிடக் கடலில் போய்விடலாம் என்று இருக்கிறாய். என் வாய் அப்படிப்பட்டதுதான். இந்தக் கடிதத்திலேயே எத்தனை இடத்தில் அது எட்டிப் பார்த்திருக்கிறது என்று எண்ணிக்கொள். ஆனால் என் வாய்க்குப் பயந்து ஒருவன் தன் உயிரைப் பணயம் வைப்பான் என்றால், அந்த வாய் இருந்து என்ன, போய் என்ன?

அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். கோவா வேண்டாம். மழைக்காலம் முழுக்கப் படகைக் கரையேற்றிக் கூரைக்கடியில் நிறுத்து. தேக்கைப் பிரித்து எடு. அடியில் ஊறினதை வெட்டிப் போட்டுவிட்டு, மிச்சத்தை நன்றாக உலரவிட்டு, புதுப் பலகை வை. வடம் பிடிக்கிற இடத்தை முதலில் கெட்டியாக்கு. மேலே மறுபடி தேக்கு வருமா, வெறும் பெயின்டோடு நிற்குமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தங்க நிறம் இல்லையென்றால் வராத விருந்தினர் வராமலே இருக்கட்டும். வீட்டிலும் இப்படித்தான். பெண்டாட்டி பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. உட்கார்ந்து என்ன என்று கேள், பதில் வருகிறவரை எழுந்திருக்காதே. நான் இதை உன் அம்மாவிடம் சரியாகச் செய்ததில்லை, அவளைக் கேட்டால் தாராளமாகச் சொல்வாள்.

சௌம்யாவும் மீராவும் இங்கேயே இருக்கப் போகிறார்கள். நான் சொல்லி இல்லை. நேற்று உன் செய்தியைக் காட்டியதும் சௌம்யா, "பாப்பாவ நான் அனுப்பமாட்டனுங்க மாமா. அவருகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவரு ஒருத்தராப் போயிட்டா என்னங்க மாமா பண்றது?" அவர்கள் இரண்டு பேரையும் நான் இந்த வீட்டில் வைத்துக் காப்பாற்றிவிடுவேன். மைசூரில் உட்கார்ந்துகொண்டு உன்னை எப்படிப் பிடித்து வைப்பது? நீ வருகிற வரை காத்திருந்து பேசலாம் என்றால், யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் கொச்சியிலிருந்தே கிளம்பிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த மறுநாள் காலை நானும் வந்துவிடுவேன். உன் அம்மா பை அடுக்கிக்கொண்டிருக்கிறாள், மாத்திரை டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறாள், நடுநடுவே மூக்கைச் சிந்துகிறாள். எனக்கு நீச்சல் தெரியாது. படகைத் துறையில் கட்டிப்போட்டிருக்கும்போதே எனக்குத் தலை சுற்றும் என்பதும் உனக்குத் தெரியும். பரவாயில்லை. அந்தக் கயிற்றுச் சுருளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, நீ தட்டிப் பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன். நீ திட்டினாலும் எழுந்திருக்க மாட்டேன். கோவாவுக்குத்தான் போக வேண்டும் என்றால், என்னையும் உட்காரவைத்துக்கொண்டு படகை அவிழ்.

உன்
அப்பா